படத்துக்கு மார்க் போடுறவங்க: 1855லிருந்து காசிமேடு வரைக்கும்

போட்டோ போட்டிக்கு படம் அனுப்புற எல்லாருக்கும் ஒரே கேள்விதான். நடுவருங்க என்னத்தைப் பாத்து மார்க் போடுறாங்க? பரிசு வாங்கின படத்தை விட நம்ம படம் எந்த விதத்துல மட்டம்? இதுக்கு இணையத்துல தேடினா ஆயிரம் பதில் கிடைக்கும். மூணுல ஒரு பங்கு விதி, கோடுகள், வெளிச்சம், "படம் கதை சொல்லணும்", "தனித்துவம் வேணும்"... எல்லாம் சரிதான். ஆனா படிச்சு முடிச்சா கையில ஒண்ணும் நிக்காது.

அதனால வேற வழியில போய்ப் பாப்போமேன்னு தோணுச்சு. சென்னையில புகைப்படத்துக்கு நடுவர் குழு உக்காந்து பரிசு குடுத்த கதைக்கு 170 வருஷம் ஆகுது. ஒவ்வொரு காலத்துலயும் நடுவர்கள் எதைப் பாத்தாங்க, எதைக் கண்டுக்காம விட்டாங்கன்னு வரிசையா பாத்துக்கிட்டு வந்தா, இப்போ எதைப் பாக்குறாங்கங்கறது தானா விளங்கிடும்.

எனக்கு இதுல ஒரு சொந்த அக்கறையும் உண்டு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்னு எங்க பக்கம் வருஷம் பூரா யாராவது கேமராவோட வந்துக்கிட்டே இருக்காங்க. இங்க எடுத்த படங்கள் எங்கெங்கயோ போட்டிக்குப் போகுது. எங்க ஊரை யாரோ எடுக்குறாங்க, யாரோ மார்க் போடுறாங்க. எந்த அளவுகோலை வெச்சுப் போடுறாங்கன்னு தெரிஞ்சுக்குற உரிமை எங்களுக்கும் இருக்கில்ல?

பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க :-)

1855: முதல் பரிசு

1855 பிப்ரவரி. மதராஸில் ஒரு பெரிய கண்காட்சி நடக்குது. தென்னிந்தியாவின் மூலப்பொருட்கள், கலைகள், கைத்தொழில்கள் எல்லாத்தையும் ஒரே இடத்துல காட்டுறதுதான் நோக்கம். 1851ல் லண்டன்ல நடந்த மகா கண்காட்சிக்கு அப்புறம் இந்த மாதிரி கண்காட்சிகள் ஒரு மோஸ்தர் ஆகியிருந்த நேரம். பொருட்களுக்கு நடுவர் குழு இருந்த மாதிரியே புகைப்படத்துக்கும் நடுவர் குழு இருந்தது.

புகைப்படம்னு ஒண்ணு உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839ல்தான். அதாவது அப்போ அதுக்கு வயசு பதினாறு. இந்தக் கண்காட்சிக்கு லின்னேயஸ் டிரைப் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி 68 படங்களை வெச்சார். அதுக்கு முந்தின டிசம்பர்ல ஹளேபீடு, பேலூர் கோயில்களில் எடுத்த படங்கள். அதுவரைக்கும் அந்தக் கோயில்களை யாரும் கேமராவில் எடுத்ததில்லை. காகிதத்தில் எடுத்த காட்சிப் படங்களில் சிறந்த வரிசை இதுதான்னு நடுவர்கள் தீர்ப்பு சொன்னாங்க.

"சிறந்த படம்"னு சொல்லலை, "சிறந்த வரிசை"ன்னு சொன்னாங்க. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

அந்தக் காலத்துல படம் வந்ததே பெரிய விஷயம். மெழுகு பூசின காகிதத்துல நெகட்டிவ். நம்ம ஊர் வெயில்ல மெழுகு இளகும், ரசாயனம் கெடும், ஒரு படத்துக்கு கேமராவை அசையாம ரொம்ப நேரம் திறந்து வெக்கணும். அதனால நடுவர்கள் ரெண்டு விஷயத்தைத்தான் பாத்திருப்பாங்கன்னு நினைக்கிறேன். ஒண்ணு, வேலை சுத்தமா இருக்கா. ரெண்டு, இதுவரை பாக்காததைக் காட்டுதா. தொழில் சுத்தம், புதுப் பொருள். அவ்வளவுதான்.

அதுக்கு அப்புறம் டிரைப் மதராஸ் மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரர் ஆனார். ஏறக்குறைய அதே சமயத்துலதான், 1856ல், எங்க ராயபுரம் ஸ்டேஷன் திறந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் ஓட ஆரம்பிச்சது. ரயிலும் கேமராவும் எங்க ஊருக்கு ஜோடியா வந்ததுன்னு சொல்லலாம்.

டிரைப் 1857 கடைசியிலிருந்து 1858 வரைக்கும் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர்னு சுத்தினார். தஞ்சை பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுத்தி ஓடுற கல்வெட்டை அப்படியே 21 படங்களா எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினார். இன்னிக்கு செல்போனை சுத்திக் காட்டி பனோரமா எடுக்குறோமே, அதுக்கெல்லாம் கொள்ளுத் தாத்தா.

இன்னொரு சங்கதி. டிரைப் படங்கள்ல வானத்துல மேகம் இருக்கும், மரத்துல இலை நல்லாத் தெரியும். அதுல பாதி கேமரா பிடிச்சது இல்லை. அந்தக் காலத்து நெகட்டிவ்ல வானமும் இலையும் சரியா விழாது. அதனால மனுஷன் நெகட்டிவ் மேலயே தூரிகையால தீட்டிடுவார். அப்போ அதை யாரும் குத்தமா எடுத்துக்கலை. இன்னிக்கு ஒரு செய்திப்பட போட்டிக்கு அனுப்பியிருந்தா முதல் சுற்றோட வீட்டுக்குப் போயிருப்பார் :-)

அந்தப் படங்கள்ல பெரும்பாலும் ஆள் நடமாட்டமே இல்லை. கோபுரம் இருக்கு, குளம் இருக்கு, தெரு இருக்கு. ஜனம் இல்லை. ரொம்ப நேரம் திறந்து வெச்ச கேமராவுக்கு நடந்து போற மனுஷன் தெரியமாட்டான்ங்கறது ஒரு காரணம். இன்னொரு காரணம், அரசாங்கம் கேட்டதே கட்டடங்களைத்தான், அதெல்லாம் அழியறதுக்குள்ள பதிவு பண்ணச் சொல்லி. கடைசியில அந்த வேலையும் நிக்கலை. 1859ல் கவர்னரா வந்த சார்லஸ் டிரெவெலியன், இது வீண் ஆடம்பரச் செலவுன்னு இழுத்து மூடிட்டார். அதுவும் ஒரு மார்க்தான். காசு குடுக்குறவன் போடுற மார்க்.

பஞ்சம்: நடுவர் இல்லாத தீர்ப்பு

20 வருஷம் கழிச்சு, 1876-78. தாது வருஷப் பஞ்சம். எங்க வீட்டுப் பெரியவங்க இப்பவும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி"ன்னுதான் சொல்லுவாங்க. அந்தப் பேரு அதுக்கும் 100 வருஷம் முந்தின இன்னொரு பஞ்சத்துல, 1782 வாக்குல, கஞ்சி ஊத்தின மணியக்காரர் சத்திரத்துல இருந்து வந்தது. பஞ்சம்னா எங்க பகுதிக்குப் புத்தகத்துல படிச்ச சமாச்சாரம் இல்லை, ஒரு இடத்தோட பேரு.

தாது வருஷப் பஞ்சத்தை கேமராவில் எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், மதராஸ் குதிரைப்படை அதிகாரி. எலும்பும் தோலுமா இருக்குற குடும்பங்களை, ஸ்டுடியோவுல குடும்பப் படம் எடுக்குற மாதிரி வரிசையா உக்கார வெச்சு, நிக்க வெச்சு எடுத்தார். வெளிச்சம் சரியா இருக்கு. அடுக்கி வெச்ச விதம் சரியா இருக்கு. ஒவ்வொரு விலா எலும்பும் துல்லியமாத் தெரியுது. 1855 நடுவர் குழு உக்காந்திருந்தா தொழில் சுத்தத்துக்கு முழு மார்க்கும் குடுத்திருக்கும்.

ஆனா ஜனங்க வேற கேள்வி கேட்டாங்க. படம் எடுத்தியே, அவங்களுக்கு சாப்பாடு போட்டியா? படம் எடுத்த கையோட அப்படியே அனுப்பிட்டார்னு அவர் மேல குற்றச்சாட்டு வந்தது. பத்து வருஷம் கழிச்சு பர்மாவில் மாண்டலே நகரத்துல, கைதிகளை சுட்டுக் கொல்லும்போது சரியான கணத்தைப் படம் பிடிக்கறதுக்காக உத்தரவைத் தாமதப்படுத்தினார்னு இதே ஹூப்பர் மேல விசாரணையே நடந்து கண்டனம் வாங்கினார்.

இந்த ரெண்டுலயும் அதிகாரபூர்வமான நடுவர் யாரும் கிடையாது. ஆனா இன்னிக்கு நடுவர்கள் கேக்குற ரொம்ப முக்கியமான கேள்வி ஒண்ணு அங்கதான் பொறந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். படத்துக்குள்ள இருக்குறவருக்கும் படம் எடுத்தவருக்கும் நடுவுல என்ன நடந்துச்சு?

சலோன் காலம்: படம் அழகா இருக்கா?

புகைப்படச் சங்கங்கள் மதராஸில் 1850களிலேயே வந்தாச்சு. ஓவியப் பள்ளியைத் தொடங்கின டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர்தான் இதுக்கும் முன்னோடி. இருபதாம் நூற்றாண்டுல இந்தச் சங்கங்களோட பெரிய விழான்னா அது "சலோன்". 1953ல் இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பு வந்தது. "ஃபியாப்"னு ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு இருக்கு, அது அங்கீகரிச்ச சலோன்கள்ல படங்கள் தேர்வாகத் தேர்வாக, பேருக்குப் பின்னாடி பட்ட எழுத்துக்கள் போட்டுக்கலாம்.

சலோன்ல மார்க் போடுற முறை எளிமையானது. பொதுவா மூணு நடுவர்கள். படம் திரையில வரும், சில நொடியில ஆளுக்கு ஒரு எண் போடணும், கூட்டுத் தொகை ஒரு கோட்டைத் தாண்டினா படம் உள்ள, இல்லைன்னா வெளிய. அந்த சில நொடியில கண்ணுக்கு என்ன தெரியும்? அமைப்பு, வெளிச்சம், நிறம், "அடடா" போட வைக்கிற ஏதோ ஒண்ணு. அதனால சலோன் முறை சில வகைப் படங்களை வளர்த்து விட்டுச்சு. வலை வீசுற மீனவர், பின்னாடி சூரியன், முழுக்க நிழலுரு. சுருட்டு பிடிக்கிற சுருக்கம் விழுந்த முகம், பின்புலம் முழுக்க கருப்பு. ஜல்லிக்கட்டு, சேறு தெறிக்கிற ரேக்ளா.

இதுல தப்பு இல்லை. வெளிச்சத்தைப் படிக்கறது, சட்டத்தை ஒழுங்கு பண்றது, தேவையில்லாததை வெட்டறது எல்லாம் இந்தப் பள்ளிக்கூடத்துலதான் நம்ம ஊர்ல பல பேர் கத்துக்கிட்டாங்க. 2007ல் தொடங்கின நம்ம "தமிழில் புகைப்படக்கலை" பதிவு மாசாமாசம் தலைப்பு குடுத்து போட்டி வெச்சு, தேர்வான படத்துல எது நல்லா இருக்கு, எது உறுத்துதுன்னு தமிழ்லயே எழுதினப்போ எத்தனை பேர் கேமராவைத் தூசி தட்டி எடுத்தோம்! பழைய பதிவர்களுக்கு கொசுவத்தி சுத்தியிருக்கும் :-)

ஆனா சலோன் முறைக்கு ஒரு எல்லை உண்டு. நிழலுருவா தெரியற மீனவருக்கு முகம் கிடையாது. அவர் எந்த ஊர்க்காரர், அன்னிக்கு வலையில மீன் விழுந்துச்சா, இதெல்லாம் மார்க் ஷீட்ல இல்லை. நூறாவது நிழலுரு மீனவரைப் பாக்குற நடுவருக்கும் அலுப்பு தட்டும். "இதை ஏற்கனவே பாத்துட்டேன்" என்ற அலுப்புதான் இன்னிக்கு பெரும்பாலான படங்கள் முதல் சுற்றுல கழிக்கப்படறதுக்கு முதல் காரணம். உங்க படம் மோசமா இருக்கணும்னு இல்லை. அதே மாதிரி நாப்பது படம் வந்திருந்தா போதும்.

2004: கடலூர்

உலகத்தின் பெரிய செய்திப்பட போட்டி ஆம்ஸ்டர்டாம்ல 1955லிருந்து நடக்குற வேர்ல்ட் பிரஸ் போட்டோ. அதோட 2004ஆம் வருஷத்துக்கான உச்சப் பரிசு, தமிழ்நாட்டுல எடுத்த ஒரு படத்துக்குப் போச்சு. ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் அர்கோ தத்தா, சுனாமி வந்த மூணாம் நாள், டிசம்பர் 28ஆம் தேதி கடலூர்ல எடுத்தது. ஒரு பெண் மணல்ல குப்புறச் சரிஞ்சு, ரெண்டு கையையும் விரிச்சு, உள்ளங்கை வானத்தைப் பாக்க அழறாங்க. சட்டத்தோட ஓரத்துல இறந்த உறவினரோட கை மட்டும் தெரியுது. அவ்வளவுதான் படம்.

அந்த வருஷம் போட்டிக்கு வந்தது அறுபதாயிரத்துக்கும் மேல. அதுல ஏன் இது? அந்தப் படத்தை ரொம்ப நேரம் பாத்தா ஒண்ணு புரியும். சுனாமின்னா நமக்கு ஞாபகம் வர்றது என்ன? கவிழ்ந்த படகு, இடிஞ்ச குடிசை, வரிசையா கிடத்தின உடல்கள். எங்க காசிமேட்டுலயும் எண்ணூர் குப்பங்கள்லயும் அதையெல்லாம் பாத்தோம். இந்தப் படத்துல அது எதுவும் இல்லை. அலை இல்லை, இடிபாடு இல்லை, இறந்தவரோட முகமும் இல்லை. ஒரு கை, ஒரு அழுகை. மிச்சத்தைப் பாக்குறவனே நிரப்பிக்கணும். எதைக் காட்டணும்னு தெரிஞ்சவங்க நிறைய பேர். எதை விடணும்னு தெரிஞ்சவங்க கம்மி. நடுவர்கள் தேடுறது அந்த ரெண்டாவதைத்தான்.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. படத்துல இருக்குறவங்க துக்கத்துல முகம் புதைச்சுக் கிடக்கும்போது அந்தப் படம் உலகம் சுத்தப் போகுதுன்னு அவங்களுக்குத் தெரியாது. ஹூப்பர் காலத்துக் கேள்வி இங்க வேற உருவத்துல வருது. தத்தா செஞ்சது ஹூப்பர் செஞ்சது இல்லை. அவர் யாரையும் நிறுத்தி வெக்கலை, அந்தப் படங்களால உலகத்தோட கவனம் நம்ம கடற்கரைக்கு வந்தது. ஆனாலும் கேள்வி கேள்விதான். அதைக் கேக்காத நடுவர் குழு இன்னிக்கு இல்லைன்னு சொல்லலாம்.

2015: உண்மையா?

இதே போட்டியில 2015ல் ஒரு பூகம்பம். கடைசிக்கு முந்தின சுற்று வரைக்கும் வந்த படங்கள்ல ஐந்தில் ஒரு பங்கு, கணினியில அளவுக்கு மீறி மாத்தினதுக்காகத் தள்ளுபடி ஆச்சு. கேமராவுல இருந்து வந்த மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சாங்க.

அது போதாதுன்னு இன்னொரு விவகாரம். ஜியோவன்னி ட்ரொய்லோ என்ற இத்தாலியப் புகைப்படக்காரர், பெல்ஜியத்தின் ஷார்லரோய் என்ற பழைய தொழிற்சாலை நகரத்தைப் பத்தி ஒரு படத்தொடருக்கு முதல் பரிசு வாங்கினார். இருட்டு, சிதைவு, வன்முறைன்னு ஒரு மாதிரியான படங்கள். அந்த ஊர் மேயரே "இது எங்க ஊர் இல்லை"ன்னு எதிர்ப்புத் தெரிவிச்சார். கடைசியில தொடர்ல ஒரு படம் அந்த ஊர்லயே எடுக்கலை, பிரஸ்ஸல்ஸ்ல எடுத்ததுன்னு தெரிஞ்சு பரிசைத் திருப்பி வாங்கிட்டாங்க.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஏன்னா அது எங்க கதை. ஷார்லரோய்னு இருக்குற இடத்துல வடசென்னைன்னு போட்டுப் பாருங்க. ஆலைகள், புகை, தண்டவாளம், கண்டெய்னர் லாரி, தொழிலாளர் குடியிருப்பு. வெளிய இருந்து வர்றவங்களுக்கு எங்க ஊர்னா ரவுடி, சாக்கடை, குத்துச்சண்டை, இதுதான் முதல்ல ஞாபகத்துக்கு வருது. 1950களில் எண்ணூர்ல லாரியும் திருவொற்றியூர்ல புல்லட்டும் செய்ய ஆரம்பிச்சாங்க, காலை ஷிப்டுக்கு டிபன் பாக்ஸோட சைக்கிள்ல போன ஒரு தலைமுறையே இருக்கு. அதை எடுத்த படம் எத்தனை பாத்திருக்கீங்க?

இன்னிக்கு உண்மை பத்தின கேள்வி இன்னும் கூர்மையாயிடுச்சு. 2023ல் சோனி உலகப் புகைப்பட விருதுகள்ல ஒரு பிரிவுல ஜெயிச்ச போரிஸ் எல்டாக்சன், "இது செயற்கை நுண்ணறிவு உருவாக்கின படம், எனக்குப் பரிசு வேண்டாம்"னு சொல்லிட்டார். நடுவர்களைச் சோதிக்கத்தான் அனுப்பினாராம். வேர்ல்ட் பிரஸ் போட்டோவும் செயற்கை நுண்ணறிவுப் படங்களுக்கு இடமில்லைன்னு விதி போட்டாச்சு. அழகை இனிமே மிஷின் குடுக்கும். அதனால நடுவர்கள் பார்வை அழகுல இருந்து நகர்ந்து "இவர் அங்க இருந்தாரா? எவ்வளவு நாள் இருந்தார்?"ங்கற பக்கம் போகுது.

கிட்டக்க நிக்கறவங்க

அந்தப் பார்வைக்கு நம்ம ஊர்லயே நல்ல உதாரணம் எம். பழனிக்குமார். மதுரை ஜவஹர்லால்புரத்துக்காரர். அம்மா மீன் வித்து வளர்த்த பிள்ளை. 2017ல் திவ்யபாரதி இயக்கின "கக்கூஸ்" ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு பண்ணார். அதுக்கு அப்புறம் மலக்குழியில இறந்தவங்க குடும்பங்களைத் தேடித் தேடிப் போய் எடுத்தார். இப்போ பாரி என்ற மக்கள் ஆவணக் களஞ்சியத்துல வேலை செய்யறார். புகைப்படத்துக்கு உலகத்துலயே பெரிய விருதுகள்ல ஒண்ணான ஹாசல்பிளாட் விருதை 2022ல் வாங்கின தயனிதா சிங், அந்தப் பணத்துல இருந்து பாரியோட சேர்ந்து ஆவணப்பட விருது ஒண்ணைத் தொடங்கினார். 2 லட்ச ரூபாய். 2022ல் முதல் விருதே பழனிக்குமாருக்கு.

அவரோட படங்கள்ல சலோன்காரங்க தேடுற ஜாலம் கம்மி. இறந்தவரோட படத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு வீட்டு வாசல்ல நிக்கற பெண்கள், நேரா நம்மளைப் பாக்குறாங்க. ஒண்ணு ரெண்டு படம் பாத்தா சாதாரணமா இருக்கும். இருபது பாத்தா நெஞ்சு அடைச்சுடும். 1855ல் சொன்ன அந்த "வரிசை"க்கு இங்கதான் அர்த்தம் முழுசாகுது.

வாடிப்பட்டிக்காரரான ஜெய்சிங் நாகேஸ்வரனும் அப்படித்தான். மேக்னம் ஃபவுண்டேஷனோட 2021 ஃபெலோஷிப் கிடைச்ச இவர், சொந்த வீட்டையும் குடும்பத்தையுமே எடுத்தார். தூரதேசம் போய் அதிசயத்தைக் கொண்டு வரலை. வாசல்ல உக்காந்து எடுத்தார்.

2016ல் தொடங்கின சென்னை போட்டோ பைனாலேயோட நாலாவது பதிப்பு 2024 டிசம்பர்ல ஆரம்பிச்சப்போ, அதோட தலைப்பே "ஏன் புகைப்படம் எடுக்கணும்?"ங்கறதுதான். எப்படி எடுக்கணும்ங்கற கேள்விக்கு டிரைப் காலத்துல இருந்து பதில் சொல்லியாச்சு. ஏன்ங்கறதுக்குத்தான் இப்போ பதில் தேடுறாங்க.

காசிமேட்டு அக்கா சொன்ன தீர்ப்பு

காசிமேட்டு மீன் ஏலம் விடியறதுக்கு முன்னாடியே களை கட்டிடும். ஐஸ் பெட்டி, அன்னக்கூடை, ட்யூப்லைட் வெளிச்சத்துல பளபளக்குற வஞ்சிரம், ஏலம் விடறவரோட குரல். படம் எடுக்க இதைவிட இடம் வேணுமா? ஞாயித்துக்கிழமைன்னா மீன் வாங்க வர்றவங்களோட கேமராக்காரங்களும் சேர்ந்துப்பாங்க.

நான் வழக்கமா மீன் வாங்குற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. ஒரு நாள் சங்கராவைச் சீவிக்கிட்டே சொன்னாங்க: "ஞாயித்துக்கெழம ஆனா பத்து பேரு வந்துடறாங்கோ தம்பி. என் மூஞ்சிய எட்த்துக்கினு போறாங்கோ. பேரு இன்னான்னு ஒர்த்தரும் கேட்டதில்ல."

"கேட்டா சொல்லுவியாக்கா?"ன்னேன்.

"கேட்டாத்தான தெரியும் சொல்றனா இல்லியான்னு!"

எந்த நடுவர் குழுவும் இவ்வளவு சுருக்கமா அளவுகோலைச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை.

சரி, எதைத்தான் பாக்குறாங்க?

170 வருஷத்தை ஒரு சுத்து சுத்திட்டு வந்து, இன்னிக்கு ஒரு நல்ல நடுவர் மனசுல என்ன ஓடும்னு எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன்.

1. இதை நான் ஏற்கனவே பாத்தாச்சா? முதல் சுற்றுல உங்க படத்துக்குக் கிடைக்கறது சில நொடி. பாத்த படமா இருந்தா அதோட சரி.

2. வேலை சுத்தமா? 1855ல் இருந்து மாறாதது இது ஒண்ணுதான். எக்ஸ்போஷர், ஃபோகஸ், சட்டம். ஆனா இது உள்ள வர்றதுக்கான டிக்கெட் மட்டும்தான், பரிசு இல்லை.

3. எதை விட்டிருக்கார்? ஒரு படத்துக்குள்ளயும் சரி, தொடருக்குள்ளயும் சரி. பத்து படம் அனுப்பலாம்னு விதி இருந்தா பத்தும் அனுப்பணும்னு இல்லை. ஒரே விஷயத்தைச் சொல்ற ரெண்டு படத்துல ஒண்ணை எடுத்துடுங்க. ஒரு பலவீனமான படம் மத்த ஒன்பதையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிடும்.

4. இது உண்மையா? மூலக் கோப்பு கைவசம் இருக்கா, குறிப்புல எழுதின ஊரும் தேதியும் சரியா. எண்ணூர்ல எடுத்ததை "சென்னைச் சேரி"ன்னு எழுதி அனுப்பறவங்க ட்ரொய்லோ கதையை ஒரு தடவை படிக்கணும்.

5. இவர் எங்க நிக்கறார்? படத்துல இருக்குறவங்களுக்கு இது தெரியுமா, சம்மதமா. அவங்க மானத்தோட இருக்காங்களா, இல்லை வெறும் பரிதாபப் பொருளா.

6. ஏன்? ஏன் இந்தப் பொருள், ஏன் நீங்க.

கடைசி ரெண்டுக்கும் பதில் சொல்ல வெளியூர்க்காரங்களை விட எங்க ஊர்ப் பசங்களுக்குத்தான் வசதி. 2017 ஜனவரியில எண்ணூர் பக்கத்துல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்போ, கையாலயும் வாளியாலயும் அள்ளினாங்களே, அந்தப் படங்கள் உலகம் பூரா போச்சு. 2023 டிசம்பர்ல புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆத்து முகத்துவாரத்துல படிஞ்சு, கூழைக்கடா எல்லாம் கருப்பா நின்னப்போவும் கேமராக்காரங்க வந்தாங்க, ஒரு வாரம் எடுத்தாங்க, போயிட்டாங்க. அவங்க வேலை அது, அதுவும் தேவைதான். ஆனா எட்டாவது நாள் வலையில ஒட்டின எண்ணெயை எப்படிக் கழுவினாங்க, அந்த மாசம் ஸ்கூல் ஃபீஸ் எப்படிக் கட்டினாங்கங்கற படத்தை யார் எடுக்க முடியும்? அங்கயே குடியிருக்கறவங்கதான்.

தடை என்னன்னா, பல சலோன் போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. நிதி உதவி, ஃபெலோஷிப்னா இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம் விளக்கம் எழுதணும். அந்த விளக்கத்தை நல்லா எழுதத் தெரிஞ்சவர் படம் சுமாரா இருந்தாலும் முன்னாடி போயிடறார்ங்கறது என் சந்தேகம். வேர்ல்ட் பிரஸ் போட்டோவுல 2022 போட்டியிலிருந்து உலகத்தை ஆறு பிராந்தியமாப் பிரிச்சு, முதல் தேர்வை அந்தந்தப் பிராந்திய நடுவர்களே செய்யறாங்க. கட்டணமும் இல்லை. நல்ல மாற்றம். நம்ம ஊர்ப் போட்டிகளும் ஒரு படி கீழ இறங்கி வந்து, "விளக்கத்தைத் தமிழ்ல எழுதலாம்"னு ஒரு வரி சேத்தா எவ்வளவு நல்லா இருக்கும்!

பதிவர்கள்ல பல பேர் நல்லா எழுதத் தெரிஞ்சவங்க. உங்க தெருவுல செல்போன்லயாவது படம் எடுக்குற பையனோ பொண்ணோ இருந்தா, அந்த ரெண்டு பக்க விளக்கத்தை எழுதக் கை குடுங்க. அவங்க சொல்றதை அப்படியே எழுதினாலே போதும், நம்ம ஜல்லியை அதுல கொட்ட வேண்டாம். அதே மாதிரி காசிமேட்டுக்கு படம் எடுக்க வர்ற நண்பர்கள் தாராளமா வாங்க. முதல்ல பேரைக் கேளுங்க, படத்தை அப்புறம் எடுங்க. அடுத்த வாரம் ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டாந்து குடுத்தீங்கன்னா, நீங்க கேக்காமயே நல்ல மீனாப் பாத்து எடுத்துக் குடுப்பாங்க.

டிஸ்கி: நான் எந்தப் போட்டிக்கும் நடுவரா இருந்ததில்லை. இருந்தவங்க யாராவது இதைப் படிச்சா, உங்க லிஸ்ட்ல ஏழாவது என்னன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.